ஆடிக்கு வந்த முகூர்த்தப் பட்டு

ஆடி 1, வியாழன்

தாரணி வந்துவிட்டாள். தை மாதம் கல்யாணமாகிப் பெருந்துறைக்குப் போனவள், முதல் ஆடிக்கு முறைப்படி அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இனி ஆவணி பிறந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்தால்தான் போவாள். காலையிலேயே இவர் தன் மோட்டார் காயில் கட்டும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கூட்டி வந்தார். மாப்பிள்ளை பூபதி வாசலோடு நின்று அனுப்பிவிட்டாராம். வேலையாம்.

பிள்ளை இளைத்திருக்கிறாள். கேட்டால், "வெயிலும்மா" என்கிறாள். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வெயில் அடிக்கிறதோ! கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. கேட்டால் சளி. போனைக் காணோம். கேட்டால் ரிப்பேர். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். கல்யாணமானதும் பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

பையைப் பிரித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. முகூர்த்தப் பட்டைப் பிளாஸ்டிக் கவருக்குள் சுருட்டித் திணித்து வைத்திருக்கிறாள்! பட்டைப் போய் யாராவது பிளாஸ்டிக்கில் வைப்பார்களா? உள்ளே வேர்த்து, சரிகை கறுத்து, மடிப்போடு இற்றுப்போகும். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வை என்று நூறு தடவை சொல்லி அனுப்பினேன். எங்கள் சொந்தத்தில் பட்டு என்றால் சாரதாமணி என்பார்கள். கறை பட்டாலும் நிறம் விட்டாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். என் வயிற்றில் பிறந்தது இப்படி!

"ஏண்டி, இது துணியா, கறிவேப்பிலைக் கொத்தா? இப்படியா அமுக்கி வெப்பே?"

"நீயே பிரிச்சுப் பாரும்மா."

"பாக்கறேன், பாக்கறேன். முதல்ல போய்ச் சாப்புடு."

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் போனாள்.

ஆடி 2, வெள்ளி

மாவிளக்கு எடுத்து முடிப்பதற்குள் பதினொரு மணி. பிறகு கட்டிலில் சுத்தமான போர்வை விரித்துப் பட்டைப் பிரித்தேன்.

நல்ல பட்டு. அரக்கு உடல், மயில்கழுத்துப் பச்சைக் கரை, கை அகலத்துக்குச் சரிகை. சம்பந்தியம்மாவைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், துணி எடுக்கத் தெரிந்தவர். அதை இவள் வைத்திருக்கிற லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும். முன்கொசுவத்தில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ கொட்டியிருக்கிறது. தோளில் பின் குத்துகிற இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். முந்தானைதான் மோசம். மடித்து வந்த மடிப்பு இல்லை அது. துணியை ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்தால் வருமே, அப்படிக் கயிறு முறுக்கின மாதிரி சுருக்கம். சரிகை இழை அங்கங்கே அறுந்து நிற்கிறது.

எங்கே கட்டிக்கொண்டு போனாய் என்று கேட்டேன். ஆனியில் அவர்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காம்.

"பந்தியில சாம்பார் கொட்டிப்போட்டாங்களா?"

தாரணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பந்தியில இல்லம்மா. ஊட்டுக்கு வந்த பொறகு."

அதற்குள் பால்காரர் கூப்பிட்டார்.

கிழிசல், கார் கதவில் முந்தானை மாட்டியதால்தான் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முந்தானையை வாரிப் பிடித்துக்கொண்டு ஏறத் தெரிகிறதா?

ஆடி 3, சனி

கறை எதனால் ஆனதென்று தெரியாமல் பட்டில் கை வைக்கக் கூடாது. எண்ணெயென்றால் முதலில் மாவு தூவ வேண்டும். காப்பியென்றால் வேறு வழி. கொசுவத்தின் உள்பக்கம் ஒரு ஓரத்தில் பஞ்சைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிப் பார்த்தேன். பஞ்சு சிவந்தது. சாயம்தான் போகிறதோ என்று கறையில்லாத இடத்தில் ஒற்றினேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா?

சின்ன வயதில் இவளுக்குச் சில்லுமூக்கு அடிக்கடி உடையும். பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் கறையாகிவிடும். அதுதான். கல்யாணக் கூட்டம், புழுக்கம், சில்லுமூக்கு உடைந்திருக்கும். சூடு பட்டால் கறை ஏறிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பச்சைத் தண்ணீரிலேயே ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிறகு பூந்திக்கொட்டை நுரையில் முக்கி, கசக்காமல், பிழியாமல், அலசி, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

தாரணி குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் லேசாக நிறம் மாறி ஓடுவதையும் பார்த்தாள்.

"அம்மா, அதப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். பாத்துத்தான் தொவைக்கறேன். சுத்தமாப் போயிரும், நீ கவலப்படாத."

மறுபடியும் ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தாள். நான் அலசல் தண்ணீரை ஊற்றினேன். திரும்பிப் பார்த்தபோது ஆளில்லை.

நிழலில் காயப் போட்டிருக்கிறேன். கறை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

ஆடி 5, திங்கள்

சம்பந்தியம்மா போன் செய்தார். என்றைக்கும் இல்லாத திருநாளாக அவ்வளவு அன்பு.

"ஏனுங்க சம்பந்தி, அந்தப் பட்டப் பாத்தீங்களா? உங்க புள்ளைக்குப் பண்டம் பாத்து வெக்கத் தெரியலீங்க. நீங்க பட்டுல கைகாரியாமே, ஊரே சொல்லுது. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுத்து அனுப்பிப்போடுங்க. கூட்டிட்டு வாரப்ப அதையே கட்டிட்டு வரட்டும்."

"அதுக்கென்னங்க, புதுசாட்டம் பண்ணிக் குடுத்தர்றேன்" என்றேன். மனதுக்குள் குளிர்ந்துதான் போனது. அந்த அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது லேசான காரியமா?

தாரணியிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டு, தட்டோடு எழுந்துவிட்டாள்.

ஆடி 9, வெள்ளி

மாரியம்மன் கோயில். தாரணி வரவில்லை. தலைவலியாம்.

ஆடி 12, திங்கள்

பட்டை எடுத்துக்கொண்டு, கிழிசலை இழையோட்டித் தைக்கிற கடைவீதி டார்னிங் பாயிடம் போனேன். ரவிக்கைத் துண்டின் ஓரத்திலிருந்து அதே நிற இழை உருவிக் கொடுத்தேன். வேறு நூல் போட்டால் ஒட்டுப்போட்டது காட்டிக் கொடுத்துவிடும். சம்பந்தியம்மாவுக்குக் கழுகுக் கண்.

"எதுல மாட்டுச்சுங்கம்மா?"

"கார் கதவுல."

பாய் கிழிசலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பின் குத்தியிருந்த ஓட்டையிலிருந்துதான் கிழிந்திருக்கிறது, அதுவும் கீழிருந்து மேலாக இல்லை, முதுகுப் பக்கமாக. எனக்கும் கண் இருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வாங்கம்மா" என்றார்.

வழியெல்லாம் காரணமில்லாமல் எரிச்சலாக வந்தது. ஆட்டோக்காரனிடம் சண்டை போட்டேன்.

ஆடி 15, வியாழன்

பாய் தெய்வம். கிழிசல் இருந்த இடத்தை அவரே விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆடி 16, வெள்ளி

முந்தானைச் சுருக்கம் மட்டும் மசியமாட்டேன் என்கிறது. ஆவியில் காட்டினேன். லேசாகக் கஞ்சி தெளித்து, மேலே பருத்தித் துணி போட்டு, உள்பக்கமாக இஸ்திரி வைத்தேன். மறுபடி ஆவி. பெட்டிச் சூடு கொஞ்சம் ஏறினாலும் சரிகை முறுகிவிடும் என்பதால் உள்ளங்கையால் தடவித் தடவித்தான் படிய வைத்தேன். அப்படித் தடவும்போது கை அந்த முறுக்கின் வழியே போகும் அல்லவா, ஒரு பக்கம் ஆரம்பித்து, சுற்றி, மறுபக்கம் வந்து சேருகிறது. நடுவில் ஒரு வளையம். அவ்வளவு பெரிய வளையம்கூட இல்லை.

பாதியில் நிறுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு மிச்சத்தையும் படிய வைத்தேன்.

தாரணி இன்று துப்பட்டா இல்லாமல் இருந்தாள். கழுத்து சுத்தமாகத்தான் இருந்தது. நன்றாகப் பார்த்தேன்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளெல்லாம் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டில் கயிறு, மஞ்சள், காதோலை எல்லாம் வைத்து, "வா சாமி, உக்காரு" என்றேன்.

"வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்? நல்ல நாள்ல!"

"நான் அங்க திரும்பிப் போகல."

அக்கம் பக்கத்தில் எத்தனை பேர்! "வாயக் கழுவு" என்றேன். பிடித்து உட்கார வைக்கப் பார்த்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டு, இவரிடம் போய், "அப்பா, என்னை அங்க அனுப்பாதீங்கப்பா" என்றாள். அவள் அழவில்லை. இவருக்குத்தான் கண் கலங்கியது. கயிறு தட்டிலேயே கிடந்தது. அப்படியே ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம்.

ஆடி 20, செவ்வாய்

இவருடைய அண்ணன், சென்னியப்பன் மச்சாண்டார் வந்தார். இந்தச் சம்பந்தம் பேசி முடித்ததே அவர்தான். விஷயம் கேள்விப்பட்டு, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஏஞ்சாமி, என்ன பிரச்சன? மாப்பள குடிக்கறாப்லயா? வேற சகவாசமா?"

"இல்லீங்க பெரியப்பா."

"பின்ன?"

தாரணி என்னைப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்க்கிறாள்? நான் மோர் கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது மச்சாண்டார் முடிவே செய்திருந்தார். ஆவணி ஒன்று ஞாயிறு, மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வருகிறார்கள், பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசி, அன்றைக்கே அனுப்பி வைக்கிறோம். "பேசுனாத் தீராதது ஒன்னுமில்ல அம்மிணி. ஆறு மாசம்கூட ஆகல" என்றார்.

அதுவும் நியாயம்தானே? எந்தக் குடும்பத்தில் இல்லை? பிள்ளை போகும்போது யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். அந்தப் புடவையில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது.

ஆடி 25, ஞாயிறு

ராகி மாவு அரைத்து வந்தேன். தாரணிக்குப் பிடித்த பருப்பு போளி செய்தேன். ஒன்று தின்றாள்.

ஆடி 31, சனி

பட்டை மடிப்பு மாற்றி மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்தேன். இவர் வந்து பார்த்தார்.

"இதுல ஏதோ கறை இருந்துச்சுன்னு சொன்னியே?"

"போயிருச்சுங்க."

"என்ன கறை?"

"எதுவோ."

இவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். முப்பது வருஷமாகக் கரண்டுக் கம்பியோடு குடித்தனம் செய்கிற மனுஷர், இரண்டு கேள்விக்கு மேல் கேட்கமாட்டார். இன்றைக்கு இன்னொன்று கேட்டிருக்கலாம்.

ஆவணி 1, ஞாயிறு

வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, நாற்காலி போட்டு, பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. பார்க்க அவ்வளவு லட்சணம். சம்பந்தியம்மா தாரணிக்குப் பூ வைக்கப் போனார். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன கொற வெச்சோம்னு கேளுங்க" என்றார் சம்பந்தியம்மா.

மச்சாண்டார், "சொல்லு சாமி. பயப்படாத" என்றார்.

தாரணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சின்னக் குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு, கூடப் படிச்சவன்கூடப் பேசுனேன்னு மூக்குல அடிச்சாரு. ஓடுனேன். பின்னால இருந்து முந்தானையப் புடிச்சு இழுத்தாரு. அதையே கழுத்துல போட்டு முறுக்குனாரு. அத்தை கதவுக்கிட்ட நின்னுட்டு இருந்தாங்க. என் போனையும் வாங்கி வெச்சிக்கிட்டாங்க."

மச்சாண்டார் பூபதியைத் திரும்பிப் பார்த்தார்.

பூபதி பதறவே இல்லை. "பெரிய மாமா, இவ்வளவு நடந்திருந்தா ஒடம்புல ஒரு காயமாவது இருக்கோணுமில்ல? காட்டச் சொல்லுங்க."

எப்படிக் காட்டுவாள்? ஒரு மாதமாகச் சோறு போட்டு, எண்ணெய் தேய்த்து, எல்லாம் ஆறிவிட்டதே!

நான் எழுந்து உள்ளே ஓடினேன். பட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தேன். மல்லிகை எங்கோ தெறித்தது. "இதுல இருந்துச்சுங்க! இதுல ரத்தம் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

சம்பந்தியம்மா குனிந்து கொசுவத்தைத் தூக்கிப் பார்த்தார். "எங்க சம்பந்தி? புதுசாட்டமில்ல இருக்குது!"

"நான் தொவைச்சுப்போட்டேனுங்க."

"நல்ல கதையா இருக்குது."

"கிழிஞ்சிருந்துச்சு. இருங்க, தெச்ச எடத்தக் காட்டறேன். தோள்ல, இந்தா, இங்க..."

தேடினேன். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். விரலால் தடவினேன். புரட்டிப் போட்டுத் தடவினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் கைக்கே அகப்படவில்லை. முந்தானையைத் தடவினேன், கண்ணாடி மாதிரி வழுக்கியது. இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளிலேயே இதுதான் நல்ல வேலை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை, புள்ளைக்காகச் சொல்றீங்க, எனக்குப் புரியுது" என்றார் பூபதி. சிரித்தார்.

மச்சாண்டார் தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே மாப்பள கை நீட்டமாட்டாப்ல, அதுக்கு நான் பொறுப்பு. அம்மிணி, போய்ப் பொடவ மாத்திட்டுக் கெளம்பு."

தாரணி என்ன செய்தாள் தெரியுமா? எழுந்தாள். குனிந்து அந்தப் பட்டை மடிக்க ஆரம்பித்தாள். போகத்தான் மடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

அவள் கையிலிருந்து பட்டைப் பிடுங்கிச் சம்பந்தியம்மா மடியில் போட்டேன். "உங்க பட்டு, எடுத்துட்டுப் போங்க. என்ற புள்ள வரமாட்டா."

"சாரதா, நீ பேசாத!" என்று மச்சாண்டார் எழுந்தார்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "அவ சொன்னது சொன்னதுதாங்கண்ணா."

மச்சாண்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்த வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தியம்மா பட்டைப் பிரித்து, ஒரு தடவை முழுசாகப் பார்த்து, திருப்தியாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆவணி 2, திங்கள்

தாரணியிடம் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பிட்டியா" என்றேன்.

"அம்மாகிட்டக் குடுத்துச் சுத்தம் பண்ணிட்டு வர்றேன்னு பொய் சொல்லித்தான் அதை எடுத்துட்டு வந்தேம்மா" என்றாள். "வாயில சொல்ல வரல. நீ துணியப் பாத்தாலே கண்டுபுடிச்சிருவேன்னு நெனச்சேன்."

நான் கட்டில் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"கண்டுபுடிச்சியாம்மா?"

இந்த நோட்டில் எழுதியிருக்கிற காரணங்களையெல்லாம் அவளிடம் சொல்லலாம். சில்லுமூக்கு, கார் கதவு, எல்லாம். "கண்டுபுடிச்சேன்" என்றேன்.

தலையை ஆட்டினாள். "நீ அலசித் தண்ணி ஊத்துனப்பவே எனக்கும் தெரிஞ்சு போச்சு."

ஆவணி 11, புதன்

தாரணிக்குக் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல். இங்கிருந்தே தினமும் போய் வரலாமே, ஒன்றரை மணி நேரம்தானே என்றார் இவர். வேண்டாம்ப்பா என்றுவிட்டாள். வக்கீலையும் அவளே பார்த்துக்கொள்கிறாளாம். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. தண்ணீர் குடு, ஃபேன் போடு, எல்லாம் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூட நிம்மதியாக இருக்கும்.

ஆவணி 15, ஞாயிறு

தாரணி கிளம்பினாள். காலையில் கூடையில் அவளுடைய இரண்டு நாள் அழுக்குத் துணி கிடந்தது. "மத்தியானந்தானே பஸ்ஸு, அதுக்குள்ள அலசிப் போட்டா இந்தக் காத்துக்குக் காஞ்சிரும்" என்று கூடையைத் தூக்கினேன்.

வேகமாக வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வேண்டாம்மா. இனிமே என் துணியை நானே தொவைச்சிக்கிறேன்."

அழுக்கோடு அழுக்காக ஒரு பையில் போட்டுக் கட்டினாள். பஸ் ஸ்டாண்டில் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அந்தப் பையையாவது நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் அதை என்னிடம் கொடுக்கவே இல்லை.